பதினோரு நிமிட மெழுகு

அன்று காலை பத்தரை மணிக்கு நானும் தம்பியும் ஒரு பன்னைப் பிய்த்து இரண்டாக்கிக்கொண்டோம். டீக்கடையில் ஒரே ஒரு பன்தான் மிச்சம் இருந்தது. சமமாகப் பிய்க்க எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஒரு பக்கம் பெருத்துவிடும். பெருத்த பக்கம் அவனுக்கு. "அண்ணே, உன் கையில எதைக் குடுத்தாலும் கோணல்தான்" என்று சொல்லிக்கொண்டே டீயில் முக்கினான். முக்கிய பாதி டம்ளருக்குள் விழுந்துவிட்டது. விரலை விட்டுத் துழாவி எடுத்துத் தின்றான். டீ முழுக்க மெழுகு வாசனை. அதையும் குடித்தான்.

செயலாளர் அவர்களே, நம் சங்க இதழுக்காக 'கையால் பூசும் விரைவு மெழுகைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்டுப் பதினாறு மாதம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நடுவில் தம்பி போய்விட்டான். நீங்களும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். கட்டுரையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவாவது முழுமையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் கடை உங்களுக்குத் தெரியும். இரண்டு வண்டி நிற்கும் இடம், நடுவில் தண்ணீர் ஓடும் கால்வாய், கீறல் தெரிவதற்காகச் சாய்த்து மாட்டிய குழல்விளக்குகள். மேலே தம்பி, அவன் மனைவி, மகள். கீழே கடையை ஒட்டிய சின்ன அறையில் நான். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு அது தாராளமான அறை. கட்டில், ஒரு அலமாரி புத்தகம், தலைக்கு மேலே மூன்று பேர் நடக்கிற சத்தம். வாடிக்கையாளர்கள் என்னைப் பெரியவர் என்பார்கள், அவனைச் சின்னவர் என்பார்கள். ரசீது, விளம்பரப் பலகை, சுவரில் எழுதுகிற விதிமுறைகள், இதெல்லாம் பெரியவர் வேலை. வண்டியைத் தொடுகிற வேலையை நான் பாதியும் அவன் பாதியும் செய்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை எடுக்க வருபவர்கள் எப்போதும், "சின்னவர் கை பட்டுச்சா?" என்றுதான் கேட்பார்கள். பட்டது என்று சொல்லிவிடுவேன். வியாபாரத்தில் அந்த அளவுக்குப் பொய் சொல்லலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் அதுவரை வைத்திருந்தது உருண்டை டப்பாவில் வரும் கெட்டி மெழுகு. அதைப்போல் ஆழமான பளபளப்பு வேறெதிலும் கிடையாது. ஆனால் ஒரு பூச்சு போட்டு, காத்திருந்து, துடைத்து, மறுபடி ஒரு பூச்சு போட்டு, மறுபடி காத்திருந்து, ஒரு வண்டிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வாரப் பத்திரிகையை மூன்று முறை படித்துவிட்டு நம் முகத்தைப் படிக்க ஆரம்பிப்பார். இதற்கிடையில் நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரிய கார் விற்பனையகத்திலிருந்து புது வண்டிகளை எங்களிடம் அனுப்பத் தொடங்கினார்கள். காலையில் வரும், மாலைக்குள் வேண்டும். இயந்திரம் வைத்துத் தேய்க்கலாம். தம்பிக்கு இயந்திரம் பிடிக்காது. "அது கத்துற கத்துல பெயின்ட் பேசுறது காதுல விழாது" என்பான். ஆகவே விரைவு மெழுகு. அதுவும் கையால் பூசுவது.

புதிதாக மூன்று வகை வாங்கி, பழைய கெட்டி மெழுகோடு நான்காக வைத்துக்கொண்டோம். கம்பெனிப் பெயர்களை எழுதவில்லை, சங்க இதழில் அது வம்பு. நாங்களே வைத்த பெயர்களைச் சொல்கிறேன். கெட்டி மெழுகுக்குக் கமிஷனர் என்று பெயர், அவ்வளவு சீக்கிரம் அசையாது என்பதால். வெள்ளையாகக் குழகுழவென்று இருந்தது தயிர். தெளிப்பது சென்ட்டு. நான்காவது, தட்டையான மஞ்சள் டப்பாவில் மிருதுவான பசையாக வந்தது. திறந்தால் கனிந்த வாழைப்பழ வாசனை. அதற்கு வாழைப்பழம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எங்களுக்குத் தோன்றவில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கறுப்பு பானட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் கிடத்தினோம். கறுப்பு எதையும் மறைக்காது. ஒட்டும் நாடாவால் நான்கு கட்டம் பிரித்து, இரண்டில் அவனும் இரண்டில் நானும் பூசினோம். அது ஒரு சனிக்கிழமை மதியம். தம்பி மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். தம்பி மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். விற்பனையக மேலாளர் அன்றைக்கு ஒரு வண்டியை எடுக்க வந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கண்ணைக் கட்டுங்க. எது எந்த மெழுகுன்னு தொட்டே சொல்றேன்."

மகள் தன் பள்ளிக்கூட டையைக் கழற்றி அப்பாவின் கண்ணை இறுக்கிக் கட்டினாள்.

"ஏய், மூக்கையும் கட்டணும். வாசனையில கண்டுபிடிச்சிடுவார்" என்றாள் அவன் மனைவி.

"மூக்கைக் கட்டிட்டா உன் சமையலை எப்படிக் கண்டுபிடிச்சுத் தப்பிக்கிறது?"

"தொட்டுப் பாத்துத் தப்பிச்சுக்கங்க."

அவன் மூக்கையும் மேலாளர் தன் கைக்குட்டையால் கட்டினார். தம்பி கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்துக்கொண்டான். நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெறும் விரலுக்குத் தட்டுப்படாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தட்டுப்படும். முதல் கட்டத்தைத் தடவினான்.

"தயிர். நான் போட்டது." இரண்டாவதைத் தொட்டு, "சென்ட்டு. இதுவும் நான்." மூன்றாவதில் கை வைத்ததும் சிரித்துவிட்டான். "இது வாழைப்பழம். அண்ணன் கை."

"யார் கைன்னு எப்படிப்பா தெரியுது?"

"மூலையில ஒண்ணும் இல்லையேடா. உங்க பெரியப்பா நடுவுல ராஜா மாதிரி போடுவாரு. மூலைக்கு வரும்போது மனசு ஏதாவது புத்தகத்துக்குள்ள போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். வேண்டுமானால் தம்பி மனைவியைக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அதிகம் சிரித்தது நான்தான். பிறகு யாரும் பார்க்காதபோது அந்த மூலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சரியாகக் கட்டைவிரல் அளவுக்கு அங்கே மெழுகு இல்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனை ஆயிரம் மூலைகளை விட்டிருப்பேன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா ஒரு வேடிக்கைக்கு.

சோதனையில் வென்றது வாழைப்பழம். அதற்கான காரணங்களைத்தான் நீங்கள் கேட்டிருந்தீர்கள். மெல்லியதாகப் போட்டாலே போதும். ஒரு கதவைப் பூசி முடித்து ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பினால் துடைக்கத் தயாராக இருக்கும். விரலின் பின்பக்கத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் காய்ந்துவிட்டது. இழுவினால் இன்னும் இல்லை. ஒரே துணியால் துடைத்தால் போகும். வண்டியின் பெயர் எழுத்துகளின் இடுக்கிலும் ரப்பர் ஓரத்திலும் வெள்ளைத் தூள் தங்காது. கெட்டி மெழுகின் பெரிய தொல்லையே அந்தத் தூள்தான், எங்கெங்கே கை பட்டது என்று ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது. வெயிலில் நின்ற வண்டிமேலும் பூசலாம். சத்தம் கிடையாது. வாசனையும் கால் மணி நேரத்தில் போய்விடும். ஒரு கார் முப்பத்தைந்து நிமிடம். ஒரு மோட்டார் சைக்கிள், நானே கடிகாரத்தைப் பார்த்துச் செய்தது, பதினோரு நிமிடம்.

மெழுகு நல்ல மெழுகு. உறுப்பினர்கள் நம்பி வாங்கலாம்.

சோதனை முடிந்த அடுத்த வாரம் தம்பி என்னிடம் வந்து நின்றான். கையில் துணி இருந்தது, ஆனால் எதையும் துடைக்கவில்லை. அவன் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லித் தொலை. கொதிக்கிறதா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்."

"மேலாளர் கூப்பிடறாரு. அங்கயே தனியாப் பளபளப்புப் பிரிவு ஆரம்பிக்கிறாங்களாம். நான்தான் தலைமைன்னு சொல்றாரு. பின்னாடியே வீடும் தர்றாங்க. பாப்பாவுக்கு ஸ்கூல் நடந்து போற தூரம்." துணியை மடித்தான், விரித்தான். "உன்னையும் கேட்டேன். எழுத்து வேலைக்கு அவங்க கிட்ட ஆள் இருக்காம்."

எழுத்து வேலை. அப்படித்தான் கேட்டிருக்கிறான். அதில் தவறு ஒன்றுமில்லை.

"போடா. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்றேன்.

அவன் முகம் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என் சட்டையெல்லாம் மெழுகு. நான் சொன்னது மனதாரத்தான். அவன் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நீலப் பை வாங்கிக் கொடுத்தேன். தம்பி மனைவி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். பெட்டிகளின் மேல் 'சமையல்', 'துணி', 'உடையும்' என்று எழுதிக் கொடுத்தது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மாறியது ஒன்றே ஒன்றுதான். எனக்குக் காது கூர்மையாகிவிட்டது. அதுவரை மேலே நடக்கிற சத்தத்தைக் கவனித்துக் கேட்டதில்லை. இப்போது தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. அவன் குதிகாலை ஊன்றி நடப்பான். அவள் இழுத்து நடப்பாள். குழந்தை நடக்கவே நடக்காது, ஓடும். ஒருநாள் மூன்று பேரும் கடைவீதிக்குப் போயிருந்தார்கள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். அவ்வளவுதான். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பன் தின்ற நாளுக்கு வருகிறேன். அன்று மூன்று மணிக்கு அவன் விற்பனையகத்துக்குப் போய் முதலாளியைப் பார்த்து வேலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வானம் மூடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குச் சற்று முன்னால், "குளிச்சிட்டு வந்துடறேன்ணே" என்று மேலே போனான். அவன் மோட்டார் சைக்கிள் முதல் இடத்தில் நின்றது. ஒரே தூசி. வண்டிகளைப் பளபளப்பாக்கும் பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போகிறவன் அப்படி ஒரு வண்டியில் போய் இறங்கலாமா? நான் மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். இது நல்ல எண்ணம்தான். இதுவரை எல்லாமே நல்ல எண்ணம்தான்.

மேலே வாளி நகர்ந்தது. தண்ணீர் விழுந்தது. அவன் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். டேங்க்கைப் பூசினேன், முன் மட்கார்டு, பின் மட்கார்டு, விளிம்புகள். பூசி முடித்துத் திரும்பினால் டேங்க் தயார். துடைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் ஆகியிருந்தது. மேலே பீரோக் கதவு திறந்தது. இன்னும் சட்டை, சீப்பு. மூன்று நிமிடம் இருக்கிறது. துணியில் மெழுகு மீதி இருந்தது. வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

டயரின் பக்கவாட்டில் போட்டேன். பிறகு பக்கவாட்டைத் தாண்டினேன்.

கடைச் சுவரில் கறுப்புப் பலகை ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். நீங்களே அதைப் புகழ்ந்து, எல்லாக் கடையிலும் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினீர்கள். 'பெடல், ஸ்டீயரிங், பிரேக் – தொடாதே. டயரில் தரை படும் பக்கம் – தொடாதே. இரு சக்கர வண்டியானால் டயரையே தொடாதே.' என் கையெழுத்துதான். தொழில் தெரியாதவன் அன்பு மிகுதியால் செய்துவிடக்கூடிய காரியம் அது. எனக்குத் தொழில் தெரியும். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, துணியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். முழுச் சுற்று. பிறகு அடுத்த சக்கரம்.

உங்களுக்கு நியாயமாக ஒரு கேள்வி எழும். அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று. இல்லை. நான் நினைத்தது ஒரு மணிக்கட்டை மட்டும். ஏதோ ஒரு திருப்பத்தில் வண்டி சறுக்கும். கையை ஊன்றுவான். ஒரு கட்டு, ஆறு வாரம். விற்பனையகம் ஆறு வாரம் காத்திருக்காது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும். அட்டைப்பெட்டிகள் பிரியும். அவன் கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அண்ணே, மூலை, மூலை" என்று என்னைப் பாடாய்ப் படுத்துவான். நான் அவனுக்குப் பன் பிய்த்துக் கொடுப்பேன். மூன்று நிமிடத்தில் இவ்வளவும் கண் முன்னால் வந்தது. ரொம்பச் சந்தோஷமான காட்சி. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

கெட்டி மெழுகாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதைத்தான் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண்ணத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. முதல் பூச்சு காய்வதற்குள் எனக்கே சீ என்று ஆகியிருக்கும். வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்துகொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன். விரைவு மெழுகில் எனக்குத் தெரிந்து இருக்கிற ஒரே குறை இதுதான், நடுவில் காத்திருக்கிற நேரம் கிடையாது.

பதினோராவது நிமிடத்தில் படியிறங்கி வந்தான். வெள்ளைச் சட்டை. வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யாருணே போட்டது?"

"வானத்துலேர்ந்து தேவதை வந்து போட்டுட்டுப் போச்சு."

கையை டேங்க் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பிளாஸ்டிக் பையெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. ஒரு தடவல். மூடிக்குப் பக்கத்தில் இடது மூலையில் விரல் நின்றது.

"தேவதை மூலையை விட்டுட்டுப் போயிருக்கு" என்றான்.

இன்னும் ஒன்று கேட்டான். அதைப் பிறகு சொல்கிறேன். நான் பதில் சொன்னதும் தலையை ஆட்டி, வண்டியை எடுத்தான். வாசலில் திரும்பி, கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு தெரு தள்ளிப் போவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. கடைக்குள் நின்றபடி தூறலைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். அவனிடம் போன் இருந்தது, என்னிடமும் இருந்தது. வண்டி ஓட்டுகிறவனைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை.

வட்டச் சாலையில் சாய்ந்து திரும்பும்போது வண்டி வழுக்கியது. பின்னால் தண்ணீர் லாரி. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. கடைசி வரைக்கும் அந்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு மெழுகு இல்லை என்று மருத்துவமனையில் பார்த்தேன். வண்டியில் ஏறும்போது எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறான்.

ஈரச் சாலை, நெருங்கி வந்த லாரி என்று எழுதிக்கொண்டார்கள். டயரை யாரும் தடவிப் பார்க்கவில்லை. தடவியிருந்தாலும் அவன் விரல் உள்ளவனுக்குத்தான் தெரிந்திருக்கும். லாரி ஓட்டுநர் ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளே வராமல் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றார்.

"ஐயா, நான் மிதிச்சேன் ஐயா. முழுசா மிதிச்சேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க. மழை" என்றேன். நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரிலிருந்து பாதித் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நானே பிடித்துக்கொண்டேன். "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. உரிமத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்விட்டு, வருகிற வழியில் கடையில் நின்று அடுத்த தேதியை எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்குச் சொல்லியாக வேண்டியது அவர் கடமை என்று யாரோ சொன்னது போல. நல்ல மனிதர். நாங்கள் இருவரும் இப்போது ஒருவிதத்தில் நண்பர்கள்.

தம்பி மனைவி இரண்டு மாதம் மேலே இருந்தாள். பிறகு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டிகளில் எழுதுவதற்கு வேலை இருக்கவில்லை. நான் முன்பு எழுதியதே போதுமானதாக இருந்தது. மேலே இப்போது சத்தம் கிடையாது. சில மதியங்களில் நானே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன். மேலே நடக்கும்போது கீழே இருந்து கேட்க ஆள் இல்லை என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை.

காவல்துறை திருப்பிக் கொடுத்த மோட்டார் சைக்கிளைக் கடைக்குப் பின்னால் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். கைப்பிடி மட்டும்தான் கோணியிருந்தது, நிமிர்த்திவிட்டேன். நேற்று தம்பி மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் ஒரு சாண் வளர்ந்துவிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த நீலப் பையைத்தான் மாட்டியிருந்தாள்.

"மாமா, வண்டியை வாங்க ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வர்றாரு. பாத்தாலே எடுத்துக்கற மாதிரி ஒரு தடவை மெழுகு போட்டுக் குடுங்க. இவ அப்பா கைக்கு அப்புறம் உங்க கைதானே."

"போட்டுடலாம்மா" என்றேன்.

மகள் வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். அப்பா மாதிரியே கையைத் தூக்கிக் காட்டினாள். "பெரியப்பா, மூலையை விட்டுடாதீங்க."

அவர்கள் போன பிறகு தார்ப்பாயை எடுத்தேன். மெழுகு போடுவதற்கு முன்னால் பழசு மிச்சம் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது முறை. ஒரு குவளை ஊற்றினேன். வெயில், மழை எதுவும் படாமல் இருந்ததால் பதினான்கு மாதத்துக்குப் பிறகும் டேங்க் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. வாழைப்பழம் உண்மையிலேயே உழைக்கிற மெழுகு. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, அவன் கேட்ட கேள்வி. டேங்க்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "டயர்ல எதுவும் போடலையேண்ணே?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். தொழில்காரன் கேட்பான். நான் அவன் முகத்தைப் பார்த்து, "சைடுல லேசா. அதுவும் போடக் கூடாதுன்னு பலகையில எழுதினவனே நான்தானேடா, இன்னைக்கு ஒரு நாள் அழகுக்கு" என்றேன். சிரித்தான். குனிந்து பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை. என் கையை அவன் ஒரு நாளும் நம்பியதில்லை. என் வார்த்தையை நம்பாமல் இருந்ததும் இல்லை.

இதன் நகல் ஒன்றை நாளைக் காலையில் காவல் நிலையத்தில் கொடுக்கிறேன். லாரி ஓட்டுநருக்கு வியாழக்கிழமை வாய்தா. அதற்குள் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டு மட்டும்தான் என்றால் முன்சக்கரம் போதுமே, பின்சக்கரத்துக்கும் எதற்கு என்று கேட்பார்கள். துணியில் மெழுகு மீதி இருந்தது என்று சொல்லப்போகிறேன். அது உண்மையும்கூட.

கட்டுரையைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். போட்டால் கெட்டி மெழுகைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு மெழுகு போடவில்லை. எழுதி முடித்துவிட்டு இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் முத்துகள் நிற்கின்றன. மூடிக்குப் பக்கத்தில், இடது மூலையில், ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தண்ணீர் தட்டையாகப் படிந்து கிடக்கிறது.